பிழையைச் சொன்னவருக்குக் கைதட்டிய மண்டபம்



வழமையாக வரிப் படிவம், ஓய்வூதியம், சிறு வியாபாரக் கணக்கு என்று கதைக்கிற நான் இன்று விஞ்ஞான ஆராய்ச்சியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். "கணக்காளருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் யாழ்ப்பாணத்தில் வணிகமாணி படித்தவன். விஞ்ஞானப் பாடத்தைச் சாதாரண தரப் பரீட்சையோடு கைவிட்டவன். ஆனால் பிழை என்பது எனக்குத் தொழில். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு மற்றவர்களின் கணக்கில் பிழை தேடித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. விஞ்ஞானிகள் தங்கள் பிழைகளை என்ன செய்கிறார்கள் என்பதை அறிய எனக்கு ஆவல் வந்ததற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் மூத்த மகள் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறாள். சென்ற மாரிகாலத்தில் அவளுடைய முதலாவது ஆய்வுக் கட்டுரை எழுதி முடியும் நிலையில் இருந்தது. முடிவுகள் மிக வடிவாக வந்திருக்கின்றன என்று சொல்லியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில் சொன்னேன், கலியாண வீட்டில் சொன்னேன், இதே ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தும் ஒருநாள் சொன்னேன். பிறகு அவளுடைய பேச்சுக் குறைந்தது. வீட்டுக்கு வந்தால் அறைக்குள்ளேயே இருப்பாள். கட்டுரை என்னவாயிற்று என்று கேட்டால் "போய்க்கொண்டிருக்குது அப்பா" என்பாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகுதான் விசயம் தெரிந்தது. கணனியில் அளவீடுகளை அடுக்கியபோது ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறாள். பக்கத்து நிரல் அதோடு சேர்ந்து நகரவில்லை. ஒருவரின் அளவு இன்னொருவரின் பெயருக்கு நேரே போய் நின்றுவிட்டது. சரியாக அடுக்கிப் பார்த்தால் அந்த வடிவான முடிவே இல்லை. எட்டு மாத உழைப்பு ஒரு பின்னேரத்தில் கரைந்துபோனது. தன் மேற்பார்வையாளரிடம் அவள் சொல்லிவிட்டாள். கூடப் படிக்கிறவர்களிடம் சொல்லிவிட்டாள். கடைசியாகத்தான் எங்களிடம் சொன்னாள். "ஏன் பிள்ளை எங்களிட்டை முதல் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள்தான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்களே, அப்பா" என்றாள்.

அந்தப் பதில் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அன்றிரவு தொடங்கித்தான் இந்தக் கதைகளைத் தேடி வாசித்தேன். அவற்றில் ஒன்று இந்த நாட்டிலேயே நடந்தது. அதுவும் வானொலியோடு தொடர்புள்ளது.

பிள்ளைகளோடு மன்செஸ்டர் பக்கம் போனவர்கள், வயல்வெளிக்கு நடுவில் பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று வானத்தைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதுதான் ஜோட்ரெல் பாங்க் வானொலித் தொலைநோக்கி. 1957 முதல் நிற்கிறது. நாங்கள் ஊரிலிருந்து வரும் பாட்டுக்கு வானொலியைத் திருப்பிக் காத்திருந்தது போல, அது நட்சத்திரங்களிலிருந்து வரும் வானொலி அலைகளுக்குக் காது கொடுக்கிறது. அங்கே வேலை செய்த வானியலாளர் ஒருவர் பெயர் அன்ட்ரூ லைன். அவரும் அவருடைய குழுவினரும் பல்சார் எனப்படும் நட்சத்திரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

பல்சார் என்றால் என்ன? பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சிதறிய பின் எஞ்சும் நடுப்பகுதி, ஒரு நகரத்தின் அளவுக்குச் சுருங்கி வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் அலை, கலங்கரை விளக்கின் வெளிச்சம் போல ஒவ்வொரு சுற்றுக்கும் எங்களை வந்து தொட்டுப் போகும். மணிக்கூடு தோற்றுப்போகும் ஒழுங்கு அதில் இருக்கும். அப்படிப்பட்ட நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றினால், அது நட்சத்திரத்தையும் சிறிது அங்கும் இங்கும் இழுக்கும். அப்போது துடிப்புகள் கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் வந்து சேரும்.

1991 யூலையில் லைன் குழுவினர் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற சஞ்சிகையில் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஒரு பல்சாரைச் சுற்றிக் கிரகம் ஒன்று இருக்கிறது, அதன் நிறை பூமியைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு, அது 6 மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது என்பதே செய்தி. எங்கள் சூரியனை விட்டு வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை அதுவரை ஒருவரும் உறுதியாகக் கண்டதில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அமெரிக்க வானியல் சங்கம் 1992 ஜனவரியில் அட்லாண்டா நகரில் நடத்திய மாநாட்டில் இதைப் பற்றிப் பேச லைனுக்கு அழைப்பு வந்தது.

மாநாட்டுக்குச் சற்று முன்னர் லைன் தன் கணக்கைத் திரும்பப் பார்த்தார். பூமியும் சூரியனைச் சுற்றுகிறது அல்லவா? நாங்கள் அந்த நட்சத்திரத்தின் பக்கம் நகரும்போது துடிப்பு முந்தி வரும், விலகும்போது பிந்தி வரும். இந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகுதான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். பூமி போகும் பாதை சரியான வட்டமும் இல்லை, சற்று நீள்வட்டம். முதற்கட்டக் கணக்கில் அதை வட்டமாக வைத்துக்கொண்டார்கள். நட்சத்திரம் இருக்கும் இடத்தையும் சிறிது தவறாக வைத்திருந்தார்கள். இரண்டு சின்னப் பிழைகளும் கைகோத்து, 6 மாதத்துக்கு ஒருமுறை வரும் ஓர் ஆட்டத்தை உண்டாக்கிவிட்டன. நட்சத்திரத்தின் இடத்தைச் சரிசெய்து கணக்குப் போட்டபோது கிரகம் மறைந்துபோனது. அவர்கள் கண்டது தூரத்துக் கிரகத்தின் அசைவை அல்ல. தாங்கள் நின்றுகொண்டிருந்த பூமியின் அசைவைத்தான் கண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய சூட்சுமம் உண்டு. பரீட்சை மீதி சமப்படாவிட்டால் வித்தியாசத்தை 9ஆல் பிரித்துப் பார்ப்போம். மீதியில்லாமல் பிரிந்தால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டிருக்கலாம். 5,400 என்று எழுத வேண்டியதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. எண்ணே "நான் பிழை" என்று கையை உயர்த்திச் சொல்லும். லைனின் கணக்கிலும் அந்த 6 மாதம், எங்கள் 12 மாதத்தின் சரிபாதி. அந்த எண் அப்போதே சிலரை உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலைக் கேட்டு மீண்டும் கணக்கைத் திறக்க மனம் வேண்டும்.

இனி லைன் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். சுகமில்லை என்று பயணத்தை நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஆராய்ச்சி தேவை என்று வழுவழுத்திருக்கலாம். அவர் அட்லாண்டாவுக்குப் போனார். மண்டபம் நிறைந்த வானியலாளர்களுக்கு முன்னால் ஏறி நின்று, அப்படி ஒரு கிரகம் இல்லை, பிழை எங்களுடையது என்றார். பிழை எப்படி வந்தது என்பதையும் படிப்படியாக விளக்கினார். பேசி முடித்ததும் அந்த மண்டபம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அதே மாதம் 'நேச்சர்' சஞ்சிகையிலும் மறுப்பை எழுத்தில் கொடுத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. அடுத்துப் பேச இருந்தவர் அலெக்சாண்டர் வோல்ஷான் என்ற போலந்து நாட்டு வானியலாளர். அவரும் டேல் ஃப்ரெய்ல் என்பவரும் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு வேறொரு பல்சாரைச் சுற்றி இரண்டு கிரகங்களைக் கண்டிருந்தார்கள். அவற்றின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 67 நாளும் 98 நாளும். அந்தக் கண்டுபிடிப்பு இன்றுவரை நிலைத்து நிற்கிறது. ஒருவர் பிழையென்று சொல்லி இறங்கிய அதே மேடையில் அடுத்தவர் சரியானதை வைத்தார். முதல் ஆள் பிழையை மூடி வைத்திருந்தால் இரண்டாம் ஆளின் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்?

லைனின் வாழ்க்கை அதோடு முடிந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. 1996இல் அவர் ரோயல் சொசைற்றியின் உறுப்பினராகத் தெரிவானார். 2004இல், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பல்சார்களைப் பற்றி உலகுக்குச் சொன்ன குழுவிலும் அவர் முன்னணியில் இருந்தார்.

இன்னொரு கதை எங்கள் சோற்றோடு தொடர்புள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பமெலா ரொனால்ட் என்ற அம்மையார் நெல்லை ஆராய்கிறார். நெற்பயிரின் இலையைக் கருக வைக்கும் ஒரு பற்றீரியா நோய் உண்டு. அந்த நோயைத் தாங்கும் மரபணு ஒன்றை 1995இல் பிரித்தெடுத்துக் காட்டியது அவருடைய குழு. நோய்க்கிருமியின் எந்தப் பொருளைக் கண்டு பயிர் விழித்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு 2009இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் விடையும் எழுதினார்கள். சில வருடங்களில் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த இளையவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே விடை வரவில்லை. தோண்டிப் பார்த்தால், பழைய பற்றீரியா மாதிரிகள் சிலவற்றில் பெயர் மாறி ஒட்டப்பட்டிருந்தது. ஒரு சோதனை முறையும் நம்பத்தக்கதாக இல்லை. 2013இல் ரொனால்ட் இரண்டு கட்டுரைகளைத் தாமாகவே மீளப் பெற்றார். என்ன நடந்தது என்பதைப் பொதுமக்களும் வாசிக்கும்படி எழுதினார். 2015இல் அதே குழு அந்தக் கேள்விக்குப் புதிய விடையைக் கண்டு வெளியிட்டது.

இதில் நான் கவனித்தது ஒன்று. பிழையைக் கண்டவர்கள் அந்த ஆய்வுகூடத்தில் வயதில் சின்னவர்கள். பெரிய பேராசிரியரிடம் போய், "உங்கள் கட்டுரை எங்களுக்குச் சரிவரவில்லை" என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்கிறது. சொன்னவர்களை அவர் விரட்டவில்லை. எங்கள் வீடுகளில் சின்னவர் ஒருவர் பெரியவரிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிழையை ஒப்புக்கொண்டால் பெயர் போய்விடும் என்ற பயம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. அடுத்த பண உதவி, அடுத்த பதவி எல்லாம் வெளிவந்த கட்டுரைகளைப் பொறுத்தது. அந்தப் பயம் எவ்வளவு சரி என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2013இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு கட்டுரை மீளப் பெறப்பட்டால் அதே ஆசிரியரின் முந்திய கட்டுரைகளை மற்றவர்கள் எடுத்தாள்வது குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் பிழையை ஆசிரியரே முன்வந்து அறிவித்த இடங்களில் அந்தச் சரிவு காணப்படவில்லை. சொல்லிக்கொண்டு வந்தவரின் பழைய உழைப்பை உலகம் தொடர்ந்து நம்பியிருக்கிறது.

கணக்கியலில் வழு வேறு, மோசடி வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எண்ணம். தெரியாமல் விட்டது வழு. தெரிந்து செய்தது மோசடி. ஆனால் தெரிய வந்த பிறகும் மூடி வைத்தால், அன்றைக்கே வழு கொஞ்சம் கொஞ்சமாக மோசடியின் பக்கம் நகரத் தொடங்குகிறது.

தொடக்கத்திலேயே நேர்மை இல்லாமல் போன ஒரு விசயத்தை இந்த நாட்டுப் பெற்றோர் மறந்திருக்க மாட்டீர்கள். 1998இல் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற வைத்தியரும் அவரோடு வேறு 12 பேரும் 'லான்செற்' மருத்துவச் சஞ்சிகையில் 12 பிள்ளைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். அதன் பின், சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜெர்மன் சின்னமுத்து மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வருமோ என்ற பயம் நாடெங்கும் பரவியது. எங்கள் மூத்த மகள் 2002இல் பிறந்தவள். அடுத்த வருடம் அவளுக்கு அந்த ஊசி போட வேண்டிய நேரம் வந்தபோது நானும் மனைவியும் நாலு மாதம் தள்ளிப்போட்டோம். படித்த நாங்களே பயந்தோம். இங்கிலாந்தில் 2 வயதுக்குள் அந்த ஊசி போட்ட பிள்ளைகளின் அளவு, 1990களின் நடுவில் இருந்த 92 வீதத்திலிருந்து 2003-04இல் ஏறத்தாழ 80 வீதத்துக்கு இறங்கியது.

2004இல் அந்தக் கட்டுரையின் 13 ஆசிரியர்களில் 10 பேர், ஊசியோடு தொடர்புபடுத்திய விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். வேக்ஃபீல்ட் விலகவில்லை. பிள்ளைகளின் விபரங்கள் உண்மைக்கு மாறாகக் காட்டப்பட்டிருந்தன என்பது பிறகு வெளிவந்தது. 2010இல் சஞ்சிகை கட்டுரையை முற்றாக மீளப் பெற்றது. அதே வருடம் மருத்துவக் கவுன்சில் அவர் நேர்மையற்று நடந்ததாகத் தீர்மானித்து, வைத்தியர் பதிவேட்டிலிருந்து அவரை நீக்கியது. இடையில் கழிந்தது 12 வருடம். 2012-13இல் வேல்சின் ஸ்வான்சி பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சின்னமுத்து வந்தது. ஓர் இளைஞர் இறந்தார். பெரிய அளவிலான பல ஆய்வுகள் அந்த ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டிய பிறகும் பயம் இன்னும் முற்றாகப் போகவில்லை.

இரண்டு அன்ட்ரூக்கள். ஒருவர் ஆறு மாதத்தில் தானே வந்து, நான் சொன்னது பிழை என்றார். மற்றவர் கடைசிவரை சொல்லவில்லை.

நேயர்களே, இப்போது என் பக்கம் வருகிறேன். 5,400 ஐ 4,500 என்று எழுதிய கதையை ஓர் உதாரணமாகச் சொன்னேன். அது நான் விட்ட பிழை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதலாவது கணக்கு வேலை அது. ஒரு கடையின் கணக்கில் 900 பவுண் வித்தியாசம் வந்தது. பயம். வேலை போனால் வாடகை எப்படிக் கட்டுவது, ஊருக்கு எப்படிக் காசு அனுப்புவது? 9ஆல் பிரித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. தொங்கற் கணக்கில் போட்டுவிட்டுத் தேடியிருக்க வேண்டும். நான் அதைச் சில்லறைச் செலவுகளுக்குள் போட்டு மூடினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருடம் அந்தக் கோப்பைக் காணும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். பிறகு நானே போய் முதலாளியிடம் சொன்னேன். எனக்கு யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. அவர் நன்றாக ஏசினார். ஆனால் திருத்திய கணக்கை அனுப்பினோம், கடைக்காரர் மிச்ச வரியைக் கட்டினார், வேலையும் போகவில்லை. அந்த ஒரு வருட நித்திரைதான் போனது.

இந்தக் கதையை நான் என் பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் எப்படிக் கஷ்டப்பட்டு வந்தோம், எத்தனை இடம் மாறினோம், இரண்டு வேலை செய்தோம் என்பதையெல்லாம் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். எங்கே பிழை விட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் அப்பா பிழை விடாத மனுசன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிழை விடாத மனுசனிடம் யார் வந்து பிழையைச் சொல்லுவார்கள்?

மகளுக்கு இதை அன்று சொன்னேன். கேட்டுவிட்டு, "எட்டு மாதமும் தொண்ணூறு தாளும், தொள்ளாயிரம் பவுணும் ஒரு வருடமும். ஆர் கூடப் பிழை விட்டது, அப்பா?" என்று கேட்டாள். நீண்ட நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டேன். அவளுடைய மேற்பார்வையாளர் வாராந்தக் கூட்டத்தில் அந்த நிரல் விசயத்தை எல்லோருக்கும் விளக்கிக் காட்டச் சொன்னாராம். இப்போது அந்த ஆய்வுகூடத்தில் எந்த அட்டவணையையும் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. அவள் திரும்பவும் அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. இம்முறை நான் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் சறுக்கிய யானையைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளின் படிப்பைத்தான் இழந்த வீட்டுக்கும் காணிக்கும் ஈடாக வைத்திருக்கிறோம். அதனால் அவர்களின் ஒவ்வொரு பரீட்சையும் எங்களுக்கு ஒரு வழக்குத் தீர்ப்பு மாதிரி. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

அட்லாண்டாவில் லைன் மட்டும் பெரிய மனிதராக நடக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் பெரிய மனிதர்களாக நடந்தார்கள். பிழையைச் சொல்லத் துணிவு வேண்டும், உண்மைதான். அதைக் கேட்கவும் ஒரு பக்குவம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மண்டபம் எங்கள் குசினி மேசைதான். இன்றிரவு சாப்பிடும்போது "என்ன மார்க்ஸ்?" என்று கேட்பதற்கு முன்னர், இந்த வாரம் நீங்கள் வேலையில் விட்ட ஒரு பிழையை நீங்களே சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் வாயிலிருந்து ஏதும் வந்தால், உடனே புத்தி சொல்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருங்கள். கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை. ஏசாமல் இருந்தால் போதும்.

மீண்டும் அடுத்த மாதம் வரிப் படிவங்களோடு சந்திப்போம்.